தரங்கம்பாடியில் மூன்று இரவு தங்கி கடற்கரையைச் சுற்றுவது: ஏற்காடு, சேலத்திலிருந்து போகிறவர்களுக்கு

மலைக்காப்பி:
காப்பிப் பழம் பறிப்பு முடிந்ததும் பிப்ரவரி கடைசி வாரத்தில் நாலு நாள் ஒழியும். வியாழன் காலையில் ஏற்காட்டிலிருந்து காரில் இறங்கி ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். பெரியவங்க ரெண்டு பேர், அதில் ஒருவருக்கு முழங்கால் வலி. ஒன்பது வயதுப் பையன் ஒருத்தன். பட்டியல்: பிச்சாவரம் (அலையாத்திக் காடு), பூம்புகார், திருக்கடையூர், தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி, கோடியக்கரை. ஒவ்வொரு ராத்திரிக்கு ஒரு ஊர் என்று அறை எடுத்துக்கொண்டே போவதா, ஒரே ஊரில் பையை இறக்கிவிட்டுப் போய்ப்போய் வருவதா? ஒரே ஊர் என்றால் எது?

தாரமங்கலத்தான்:
ஒரே ஊர்தாங்க. யோசிக்கவே வேண்டாம். காரணம் பெட்டி கட்டுகிற சிரமம் மட்டும் இல்லை, அந்தக் கரையின் நேரக் கணக்கே வேற.

கோயில்கள் பன்னிரண்டு, ஒரு மணிக்கு நடை சாத்தினால் நாலு மணிக்கு மேல்தான் திறப்பு. கடல் மணலில் காலை ஒன்பதுக்கு மேல் கால் வைக்க முடியாது, சாயங்காலம் நாலரைக்கு மேல்தான் மறுபடி ஆகும். ஆக ஒரு நாளில் உருப்படியான நேரம் காலையில் மூணரை மணி, மாலையில் ரெண்டு மணி. தினம் ஊர் மாறினால் அந்தக் காலை நேரத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பீங்க. மதியம் புது ஊரில் அறை தயாராகிற வரைக்கும் பெரியவங்களைக் காரில் உட்கார வைக்கணும். ஒரே இடத்தில் தங்கினால் மதியம் அறைக்கு வந்து சாப்பிட்டு, மின்விசிறிக்கடியில் ரெண்டு மணி நேரம் கண் அசரலாம். பெரியவங்களுக்கு வேண்டியது அந்த ரெண்டு மணி நேரம்தான்.

அப்படி மதியம் திரும்பி வரணும் என்றால் தங்குமிடம் நடுவில் இருக்கணும். தரங்கம்பாடியிலிருந்து தோராயமாக: திருக்கடையூர் 8 கி.மீ., காரைக்கால் 15, பூம்புகார் 22, நாகூர் 28, மயிலாடுதுறை 30, நாகப்பட்டினம் 35, வேளாங்கண்ணி 47, சிதம்பரம் 55. கோடியக்கரை மட்டும் தனி, 95 ஆகும். அதைத் தவிர எல்லாமே ஒன்றரை மணி நேரத்துக்குள். கடற்கரையை ஒட்டின நெடுஞ்சாலை ஒரே நேர்கோடு, வழி தப்பாது.

உப்பனாறு:
நடுவில் இருக்கிறது என்பது சரிதான் நண்பரே. ஆனால் அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் ஒரு மறுப்பு. தரங்கம்பாடிக் கோட்டைப் பகுதி ராத்திரி எட்டரைக்கு அடங்கிவிடும். தங்குமிடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடலைப் பார்த்த பழைய பங்களா விடுதி இருக்கிறது, வாடகை அதிகம். மற்றவை சின்ன விடுதிகள், வீட்டோடு சேர்ந்த அறைகள். வார இறுதிக்கு ஒரு மாதம் முன்னாடியே சொல்லி வைக்கணும். சாப்பாட்டுக்கும் பெரிய தேர்வு கிடையாது. மருந்துக்கடை, ஏடிஎம், டிபன் கடை எல்லாத்துக்கும் மேற்கே 3 கி.மீ. பொறையாறுதான்.

காரைக்காலில் எல்லா விலையிலும் அறை உண்டு, அரசுப் பொது மருத்துவமனை உண்டு, அரசலாறு கடலில் சேரும் இடத்தில் நல்ல அகலமான நடைபாதையோடு கடற்கரை. முழங்கால் வலிக்காரருக்கு அது வசதி. 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர், இப்போது புதுச்சேரி ஒன்றியப் பகுதி. அதனால் ஒரு எச்சரிக்கை: மதுபானம் அங்கே விலை குறைவு என்று வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டாதீங்க. வடக்கேயும் தெற்கேயும் சோதனைச் சாவடி இருக்கு, வண்டியையே பிடித்து வைப்பார்கள்.

காரைக்காலின் குறை சனிக்கிழமை. 5 கி.மீ. தூரத்தில் திருநள்ளாறு சனி பகவான் கோயில். வெள்ளி இரவே விடுதிகள் நிரம்பும், சனி காலை ஊருக்குள் வண்டி நகராது. உங்க பயணத்தில் வெள்ளியும் சனியும் வருது.

தாரமங்கலத்தான்:
அந்தச் சனிக்கிழமைக் கணக்குக்காகத்தான் தரங்கம்பாடி என்கிறேன். மருத்துவமனை வேண்டுமானால் காரைக்கால் அரை மணி நேரம்தானே.

அம்மாபேட்டைத்தறி:
சாலை பற்றி மட்டும் சொல்றேன். ஏற்காட்டிலிருந்து வருகிறவர் அஸ்தம்பட்டி வழியாகச் சேலத்துக்குள் இறங்க வேண்டியதில்லை. குப்பனூர் வழி இறங்கினால் நேரா அயோத்தியாபட்டணம் பக்கம் ஆத்தூர் சாலையைப் பிடிக்கலாம். அது குறுகல், இறக்கம் கடுமை, அதனால் வெளிச்சம் வந்த பிறகு இறங்குங்க. இரண்டாவது கியரிலேயே விடுங்க, பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி அடிவாரத்தில் பிடிக்காமல் போகும். இருட்டில் கிளம்பியே ஆகணும் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவுள்ள பழைய வழிதான் நல்லது.

அப்புறம் வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம். மேட்டுப்பட்டி, நத்தக்கரை ரெண்டும் சுங்கச்சாவடி, பாஸ்டேகில் பணம் பார்த்துக்கங்க. சின்னசேலத்தில் உளுந்தூர்பேட்டை சாலையை விட்டு வலப்புறம் பிரிந்து விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, சிதம்பரம். சேலத்திலிருந்து சிதம்பரம் 190, தரங்கம்பாடி 245 கி.மீ. அளவில் வரும். நிறுத்தங்களோடு ஆறு மணி நேரம் வையுங்க.

இந்தச் சாலையின் ஆபத்து ஒன்று உண்டு. நான்குவழியாக ஓடிக்கொண்டே இருக்கும், ஊர்ப் புறவழி வரும்போது சில இடங்களில் திடீரென்று இருவழியாகச் சுருங்கும். எதிரே வருகிற வண்டியின் விளக்கு உங்க பாதையிலேயே வரும். விபத்துகள் பெரும்பாலும் அந்த வாய்களில்தான். நூறில் போகிறவர்கள் புறவழிப் பலகையைக் கண்டதும் அறுபதுக்கு இறக்கணும். விருத்தாசலத்துக்கு அப்புறம் கரும்பு லாரி, நெல் ஏற்றின டிராக்டர். பின்விளக்கு இல்லாதவை அதிகம். திரும்பும்போது இருட்டுவதற்குள் சின்னசேலத்தைத் தாண்டிவிடுங்க.

வழிக்கு நம்ம ஊர் தட்டுவடை எடுத்துப் போறவங்க காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் போடுங்க. பொட்டலத்தை அப்படியே அறையில் வைத்தால் கடல் ஈரத்தில் மறுநாள் காலையில் துணி மாதிரி மடங்கும். அதோடு சேர்த்துச் சாப்பிடுகிற கேரட், பீட்ரூட் துருவலையும் சட்னியையும் வழியிலேயே முதல் நாள் தீர்த்துடணும், தங்காது.

இருப்புப்பாதை:
கார் இல்லாதவர்களும் படிப்பார்கள் என்பதால். சேலம் சந்திப்பிலிருந்து இரவு வண்டி மைசூர்–மயிலாடுதுறை விரைவு (இப்போது கடலூர் துறைமுகம் வரை நீட்டிப்பு). ஈரோடு, கரூர், திருச்சி, தஞ்சாவூர் வழியாகச் சுற்றிப் போனாலும் தூங்கி எழுந்தால் மயிலாடுதுறை. பகலில் நாமக்கல், கரூர், திருச்சி வழியே சேலம்–மயிலாடுதுறை வண்டி ஒன்று உண்டு. பெங்களூரு–காரைக்கால் வண்டி ஆத்தூர், விருத்தாசலம் வழி போகும். அது காரைக்கால் சேரும்போது நல்ல இரவு, அறையை முன்பே பேசி வைக்காமல் அதில் போகாதீர்கள். நேரங்கள் அட்டவணைக்கு அட்டவணை மாறும், கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம். 1926இல் போட்ட ரயில் பாதையே இருந்தது, 1986இல் நிறுத்திவிட்டார்கள். அது மட்டும் இருந்திருந்தால் சேலத்துக்காரர்களுக்கு ஒரே ஒரு மாறுதலில் தரங்கம்பாடிக் கடல் கிடைத்திருக்கும். அந்தப் பாதை திரும்ப வரவேண்டும் என்பதை இந்தப் பக்கத்து ஆட்களும் சேர்ந்து கேட்கணும்.

வாடைக்காற்று:
பருவம், கடல் இரண்டும்.

பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் பாதி மிக நல்ல நேரம். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல். 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையேறியது இதே கரையில்தான், நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே. மே மாதம் வேண்டாம். சேலத்து வெயில் நாற்பதைத் தொட்டாலும் வேர்வை காயும். அங்கே முப்பத்தாறிலேயே சட்டை உடம்போடு ஒட்டும். ஏற்காட்டுக் குளிரிலிருந்து நேராக இறங்குகிற பெரியவர்களுக்கு முதல் நாள் தலை சுற்றும். நீர்மோர், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

கடலில் குளிப்பது பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பூம்புகாரில் காவிரி வாய்ப் பக்கமும், கருங்கல் கொட்டிய தடுப்பு இருக்கும் எந்த இடத்திலும் இறங்கக் கூடாது. கல் தடுப்பை ஒட்டி மணல் அரிந்து திடீர்ப் பள்ளமாக இருக்கும், பாசி படிந்த கல்லில் கால் வழுக்கினால் அலை தூக்கி அதே கல்லில் அடிக்கும்.

மணல் கரையிலும் இழுப்பு உண்டு. அடையாளம் இது: இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்கும். நடுவில் ஐந்தாறு மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து, அமைதியாகக் கிடக்கும். நுரையும் குப்பையும் அதில் கடலை நோக்கிப் போகும். தெரியாதவர்கள் 'இங்கேதான் அலை இல்லை' என்று பிள்ளையை அங்கே இறக்குவார்கள். கரையில் ஏறிய தண்ணீர் மொத்தமும் திரும்பிப் போகிற வாய்க்கால் அது. மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையாக வடக்கோ தெற்கோ நகர்ந்து, அலை உடைகிற இடத்துக்கு வந்து அலையோடு கரையேற வேண்டும். இறங்கும் முன் பத்து நிமிடம் நின்று தண்ணீரைப் பாருங்கள். வலை உலர்த்துகிற மீனவரிடம் 'இன்னைக்கு இழுப்பு எப்படி அண்ணே' என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பையனை முழங்கால் அளவுக்கு மேல் விடாதீர்கள், கை பிடித்தபடியே.

மலைக்காப்பி:
எல்லாருக்கும் நன்றிங்க. தரங்கம்பாடி என்றே முடிவு பண்ணிட்டோம், அறையும் கேட்டாச்சு. ரெண்டு சந்தேகம். கோட்டையில் முழங்கால்காரர் ஏற முடியுமா? 95 கி.மீ. போய் கோடியக்கரை பார்ப்பது தகுமா?

தாரமங்கலத்தான்:
கோட்டை: மேல்தளத்துக்குப் படி ஏறணும், ஆனால் கீழேயும் பார்க்க நிறைய உண்டு. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் ஒப்பந்தம் போட்டு டேனியர்கள் கட்டினது. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும் வரைக்கும் இங்கேதான் இருந்தார்கள். மேலே தொல்லியல் துறை அருங்காட்சியகம். பெரியவரைக் கீழே முற்றத்து நிழலில் உட்கார வைத்தாலும் கடல் காற்று கிடைக்கும்.

அதைவிட அவருக்கு ராஜா வீதி நல்லது. 1792இல் கட்டின நகர வாசலில் தொடங்கி கடல் வரைக்கும் சமதளம், அரை கிலோமீட்டர்கூட இல்லை, மெதுவாக நடக்கலாம். வழியில் 1701இல் கட்டின சீயோன் ஆலயம், எதிரே 1718இல் கட்டின புதிய எருசலேம் ஆலயம். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் இந்தக் கரையில்தான் இறங்கினார். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறியது இந்த ஊரில். அச்சுக்குக் காகிதம் போதாமல் பொறையாறு பக்கம் காகிதப் பட்டறையே வைத்தார்கள், அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பெயர். நாம படிக்கிற ஒவ்வொரு தமிழ்ப் புத்தகத்துக்கும் இந்த வீதியில் ஒரு வேர் இருக்கு. பையனுக்கு அதைச் சொல்லிக் காட்டுங்க.

கடல் ஓரத்தில் மாசிலாமணிநாதர் கோயில், 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. கல்தடுப்பு போட்டு மிச்சத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். காலை ஆறேகாலுக்கு அந்தத் தடுப்புக்குப் பக்கத்து மணலில் நின்றால் சூரியன் கோயிலுக்கு நேர் பின்னால், தண்ணீரிலிருந்து ஏறும். நனைந்த கருங்கல் முதலில் கறுப்பு, அப்புறம் செம்பு, அஞ்சே நிமிஷத்தில் சாதாரணச் சாம்பல் நிறம். அந்த அஞ்சு நிமிஷத்துக்காகவே அங்கே ராத்திரி தங்கணும்.

பறவைக்கண்:
கோடியக்கரை தகும், ஆனால் எல்லாருக்கும் இல்லை. 1967இல் சரணாலயமாக்கப்பட்டது, 2002இல் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வெளிமான் கண்டிப்பாகத் தெரியும், காலை ஆறரை முதல் ஒன்பது வரை, அல்லது நாலு மணிக்கு மேல். பூநாரைக்கு நவம்பர் முதல் ஜனவரி வரைதான் உச்சம். பிப்ரவரி கடைசியில் குறைந்திருக்கும், அதுவும் உப்பளம், சேற்றுவெளிக்கு அப்பால் வெகு தூரத்தில் ஒரு வெளிர் ரோசாக் கோடாகத்தான். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் ஆகாது, 8x42 இருநோக்கி (பைனாகுலர்) ஒன்று இரவல் வாங்கிக்கொண்டு போங்கள். வெயில் ஏறினால் கானல் எழும்பி இருநோக்கியிலும் உருவம் நடுங்கும். அதனால்தான் காலை என்கிறேன்.

காட்டுக்குள் கடை கிடையாது, தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். குரங்குகள் பையைப் பிடுங்கும், கண்ணாடியை ஏற்றி வையுங்கள். சேற்று வெளியில் காரை இறக்காதீர்கள், மேலே காய்ந்த பொருக்கு, கீழே களி. அச்சு வரை இறங்கினால் டிராக்டர்தான் இழுக்கணும்.

வழியில் வேதாரண்யத்தை அடுத்து அகஸ்தியம்பள்ளி, உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூண். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து கிளம்பி, 30ஆம் தேதி உப்பு அள்ளின இடம். நம்ம சேலத்தில் வக்கீலாக இருந்து நகராட்சித் தலைவரானவர். சேலத்துக்காரர்கள் அங்கே இறங்காமல் போகக் கூடாது.

அறையிலிருந்து காலை நாலேகாலுக்குக் கிளம்பணும். முழங்கால் வலிக்காரரைக் கூட்டிப் போகாதீர்கள். ஒரே ஊரில் தங்குவதில் பெரிய லாபமே அதுதான், வர முடியாதவர் அறையில் நிம்மதியாக இருக்கலாம், யாருக்காகவும் யாரும் அவசரப்பட வேண்டியதில்லை.

நெத்திலி:
ஊருக்கு மீன் கொண்டுபோக நினைக்கிறவங்களுக்கு: கடைசி நாள் காலையில் மட்டும் வாங்குங்க. செவுள் ரத்தச் சிவப்பு, கண் பிதுங்கித் தெளிவு, விரலால் அழுத்தினால் குழி உடனே நிரம்பணும். கரையிலேயே குடலையும் செவுளையும் எடுத்துடுங்க. சேலம் வரை ஆறு ஏழு மணி நேரத்துக்கு மீன் ஒரு கிலோ என்றால் உடைத்த ஐஸ் ஒரு கிலோ. தெர்மாகோல் பெட்டியின் அடியில் ஐஸ், மேலே மீன், அதற்கு மேலே ஐஸ். அடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, பெட்டியைத் தாம்பாளத்தில் வையுங்க. ஐஸ் உருகின தண்ணியில் மீன் ஊறினால் சதை வெளுத்துச் சொதசொதன்னு ஆயிடும். மீன் கெடுகிறது வெயிலில் என்று நினைக்கிறாங்க, பாதி கெடுவது அந்தத் தண்ணியில்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். அந்த நாளில் நாட்டுப்படகு மீன் மட்டும், விலை ஏறி இருக்கும், ஐஸ் வைத்த வெளியூர் மீனும் கலந்து வரும். அப்போ போறவங்க கருவாடு வாங்குங்க. நெத்திலி வெள்ளி மாதிரி மின்னணும், மஞ்சள் தட்டினது பழசு. இரண்டாகக் கிள்ளினால் முறியணும், வளைந்தால் சரியாகக் காயவில்லை, வீட்டுக்கு வந்ததும் பூஞ்சணம் பிடிக்கும்.

அம்மாபேட்டைத்தறி:
ஒன்று விட்டுப்போச்சு. மூணு ராத்திரி கடல் ஓரம் நின்ற வண்டியை ஊர் வந்த மறுநாளே அடிப்பாகம், சக்கர வளைவு, கதவு விளிம்பு எல்லாம் நல்ல தண்ணீரில் அழுத்தமாகக் கழுவுங்க. மேலே மட்டும் துடைத்து வைத்தால் அடியில் உப்பு வேலை செய்யும். காலையில் பிரேக் தட்டில் துருப் படிந்து கரகரன்னு சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், நாலு முறை மிதித்தால் போயிடும்.

மலைக்காப்பி:
இப்படிப் போட்டிருக்கோம், தப்பிருந்தால் சொல்லுங்க.
வியாழன்: காலை 6 மணிக்கு குப்பனூர் வழி இறங்கி, 11 மணிக்குப் பிச்சாவரம், 3 மணிக்குத் தரங்கம்பாடி, ஓய்வு.
வெள்ளி: காலை சூரிய உதயம், கோட்டை, திருக்கடையூர், மாலை பூம்புகார்.
சனி: நாங்க மூணு பேர் கோடியக்கரை, திரும்பும்போது வேளாங்கண்ணி, நாகூர்.
ஞாயிறு: காலை மீன், நேரா வீடு.

உப்பனாறு:
வெள்ளியையும் சனியையும் அப்படியே மாற்றிப் போடுங்க. கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சனி மாலை நீங்க நாகூரிலிருந்து திரும்பும் நேரத்தில் திருநள்ளாறு கூட்டம் மொத்தமும் காரைக்கால் சாலையில் நிற்கும். வெள்ளி கோடியக்கரை என்றால் அந்தத் தொல்லை இல்லை. நாகூர் தர்காவில் மதியத் தொழுகைக் கூட்டமும் கலைந்திருக்கும், நாலரைக்கு மேல் போங்க. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங் கட்டின 131 அடி மினாராவில் அந்நேரம் மேற்கு வெயில் விழும். வேளாங்கண்ணி மதியமும் திறந்திருக்கும், அதனால் ஒரு மணியிலிருந்து மூணு மணிக்குள் அதை வையுங்க. சனி முழுக்க வடக்குப் பக்கம் மட்டும், திருக்கடையூர், பூம்புகார், காரைக்கால் எல்லையே தொடாது. திருக்கடையூருக்குக் காலை ஏழுக்குள் போகாதீங்க, அறுபதாம், எண்பதாம் கல்யாணக் கூட்டம் பிராகாரம் முழுக்க இருக்கும், முழங்கால்காரர் உட்கார இடம் கிடைக்காது. மாலை அஞ்சு மணி நல்லது.

இன்னொன்று, அந்த வாரத்தில் மாசி மகம் விழுகிறதா என்று நாள்காட்டியைப் பாருங்க. விழுந்தால் அன்றைக்குத் திருமலைராயன்பட்டினம் கடலுக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு வருவார். நெடுஞ்சாலையில் வண்டி நகராது, காரை ஊருக்கு வெளியே விட்டு நடந்துதான் போகணும்.

மலைக்காப்பி:
மாற்றிட்டேங்க. பிச்சாவரத்தில் துடுப்புப் படகா, இயந்திரப் படகா?

உப்பனாறு:
துடுப்புப் படகு. இயந்திரப் படகு அகலமான வாய்க்காலில் மட்டும் போகும், சுரபுன்னை வேர் தலைக்கு மேல் கவிகிற சின்னச் சந்துக்குள் நுழையாது. ஏறும்போது பெரியவரை முதலில் நடுப்பலகையில் உட்கார வையுங்க. தொப்பி, தண்ணீர். பதினொரு மணி வெயில் ஜாஸ்தி, ஏற்காட்டிலிருந்து வெளிச்சம் வந்ததும் கிளம்பி, வழியில் அதிகம் நிற்காமல் படகுத்துறைக்கு வரப் பாருங்க.